பனிக்கால டயர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே பனிப்பொழிவுக்கு முழுத் தயார்நிலையில் இருக்கும் ஒரே வீடு, ஜெலாப்பாங்கில் இருக்கும் எங்கள் வரிசை வீடுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பொறுப்போடு சொல்கிறேன். நாளைக் காலை ஈப்போ சாலைகளில் முழங்கால் அளவு பனி கிடந்தால் ஊரே வீட்டுக்குள் முடங்கிவிடும். எங்கள் மைவி கார் மட்டும் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வரும். வீட்டில் இருக்கும் பனி டயர்கள் மைவிக்குப் பொருந்தாது என்பது வேறு விஷயம்.

டயர்கள் நான்கு. தினேஸ்வரி அக்காவின் கணவர் சுகுமாரன் மச்சான் கனடாவிலிருந்து கொண்டுவந்தவை. அவருடைய பெற்றோர் தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். இங்கே வடிந்த பால் கனடா வரை போய், டயராகி, தோட்டத்துப் பிள்ளையோடு ஊர் திரும்பிவிட்டது என்று கல்லூரி விழா ஒன்றில் மைக்கில் சொன்னேன். நல்ல கைத்தட்டல்.

மச்சான் கல்கரியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அங்கே பனிக்கு ஒரு செட் டயர், வெயிலுக்கு ஒரு செட். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும். போன வருடம் அவருக்கு வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துத் தரவில்லை. காரை விற்றார். ஓய்வில் இருந்த செட்டை மட்டும் விற்க மனம் வராமல் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றிவிட்டார். யார் கேட்டாலும், "லீவுல வந்திருக்கேன், பெர்மிட் வந்ததும் போயிருவேன்லா" என்பார். லீவு பல மாதங்களாக நடக்கிறது. திரும்பிப் போகிறவர் என்பதால் இங்கே எந்த வேலைக்கும் எழுதிப் போடவில்லை. அக்கா மட்டும் கிளினிக் வேலைக்குப் போய் வந்தாள். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்துக்கு நன்றாக வரும். எனக்கு மட்டும் வராது.

டயர் பராமரிப்பு என்பது எங்கள் வீட்டில் ஒரு வழிபாடு. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். காய வேண்டும், ஆனால் வெயில் படக் கூடாது. சிமெண்டுத் தரை ஆகாது, பலகை மேல் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நின்ற இடம் தட்டையாகிவிடுமாம். ஒவ்வொன்றையும் கறுப்புப் பைக்குள் போட்டு, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயைக் கட்டுவார். மின்சார மோட்டார் பக்கத்தில் இருந்தால் ரப்பரில் வெடிப்பு விழும் என்று அம்மாவின் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பின்வாசலுக்குத் தள்ளினார். அம்மா மழையில் நனைந்தபடி துணி துவைத்தார்.

சனிக்கிழமை காலை டிங்கிக் காய்ச்சல் கொசு சோதனைக்கு சுகாதார இலாகா அதிகாரி வந்தார். தமிழர்தான். மச்சான் அப்போதுதான் பைகளைப் பிரித்து டயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இது பாவிக்கிற டயரா அண்ணே, இல்ல வீசப் போறதா? வீசுறதுன்னா ரோட்டோரமா வச்சிருங்க. லோரி வந்து எடுத்துக்கும்."

வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பலதா ஆன்ட்டி துணி காயப்போடுவதை நிறுத்தினார். "ஐயோ, அது கனடாவுக்குப் போற டயர் சார். ஆமா, எப்பத்தான் போறீங்க தம்பி?"

மச்சான் துணியை மடித்தார். "ஒக்டோபர்ல... அங்க குளிர் தொடங்குறதுக்கு முன்ன..."

எனக்கு எப்போதும் இந்த இடம்தான் ஆபத்து. யாராவது தடுமாறினால் அந்த இடைவெளியில் என் நாக்கு நுழைந்துவிடும்.

"சார், கனடாவே இவரு வேணாம்னு திருப்பி அனுப்பிருச்சு. டயர மட்டும் எப்படிலா கூப்பிடும்? ஜெலாப்பாங்ல பனி பேஞ்சாதான் உண்டு."

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிகாரியும் சிரித்தார், மச்சானின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். கிளினிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்கா, ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மச்சானையே பார்த்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளும் இத்தனை மாதமாகக் காத்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாவிக்கிறது இல்ல சார்," என்றார் மச்சான். "வீசுறதுதான்."

ஒவ்வொன்றாக அவரே உருட்டிக்கொண்டு போனார். இரண்டாவதைத் தூக்க நான் குனிந்தேன்.

"வேணாம் ஷர்வின். கை அழுக்காயிரும்."

சத்தமில்லை, கோபமில்லை. அறைந்திருக்கலாம். நான்காவது டயரைச் சாலையோரம் படுக்க வைத்துவிட்டு, கை கழுவாமல் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அக்கா மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மதியம் அம்மா சோறு போட்டு மாடிக்கு எடுத்துப் போனார். தட்டு அப்படியே கீழே வந்தது. எனக்குப் போட்டதை நான் தின்றேன். அதுவும் வெட்கமாக இருந்தது.

லோரி வரவில்லை. மழை வந்தது. ஈப்போ மழை நிறுத்தி நிதானமாகப் பெய்யாது, கொட்டும். ஜன்னல் வழியே பார்த்தேன். டயர்களின் வயிற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

குடை எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தண்ணீரைக் கொட்டி, போர்ட்டிகோவுக்கு உருட்டி வந்தேன். இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. வேலிப் பக்கம் ஆன்ட்டி நின்றிருக்கலாம், நான் திரும்பவில்லை. என் டி-சட்டையைக் கழற்றி உள்பக்கம் வரை துடைத்தேன். பலகை மேல் நிறுத்தினேன். மூன்றைப் பையில் போட்டு, முழங்காலால் அழுத்தி, வாயைக் கட்டினேன்.

நான்காவதன் வரிப்பள்ளம் ஒன்றில் ஒரு கல் சிக்கியிருந்தது. சாம்பல் நிறம், மொச்சைக்கொட்டை அளவு. நம் ஊர்ச் சாலைக் கல் இல்லை; கல்கரியில் ஏறி, மச்சானின் இத்தனை கழுவலிலும் தங்கிவிட்டது. வீட்டுச் சாவியால் நெம்பினேன். அசையத் தொடங்கியது.

மாடிக் கதவு திறந்தது. படிகளில் காலடி இறங்கி, பாதியில் நின்றுவிட்டது.

சாவியை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் அந்தக் கல்லை மறுபடி அதன் இடத்துக்கே அழுத்தினேன்.