பக்கத்தை விட்டு இறங்கிய ஜோஃப்காக்கள்

அரங்கா எழுதிய புத்தகம் அச்சாகி வந்த வாரமே, அதிலிருந்த சிறுமி ஜோஃப்கா எல்லாப் பிரதிகளிலிருந்தும் இறங்கி, நெடுஞ்சாலை ஓரமாக நடந்து, ஸ்தாரா லூக்காவில், ஜிப்சிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமா மக்கள் வாழும் அரங்காவின் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். பிரதிக்கு ஒருத்தியாகச் சில நூறு ஜோஃப்காக்கள். எல்லோருக்கும் காகிதக் கனம், ஒரே சிவப்புப் பாவாடை, ஒரே முறைப்பு. அந்த வருடம் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருந்ததால் யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. அரங்காவின் புருஷன் கெய்சா மட்டும், “ஏண்டி, இத்தனைக்கும் யாரு தீனி போடுறது?” என்றான். “உங்க அக்கா புள்ளைங்களுக்குப் போடலையா? இதுங்க காகிதம், ஆளுக்கு அரைத்துண்டு ரொட்டி போதும்” என்றாள் அவள்.

அரங்கா செருப்பு ஆலையில் தையல்காரி. ஆலைக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்து ரோமானி மொழியில் கதை எழுதுவாள். தங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த மொழியில் ஒரு கதைப் புத்தகம்கூட இல்லை என்பது அவளுக்கு நெஞ்சில் முள். அவள் கதையில் ஒரு ராஜா வந்து ஜோஃப்காவை ஆடச் சொல்வான். ‘உனக்குக் கால் இல்லையா?’ என்று அவள் கேட்பாள். ராஜா சேற்றில் தானே ஆடிப் பார்த்து வழுக்கி விழுவான். அவ்வளவுதான் கதை.

அதைத் திருத்தியவர் தலைநகரத்து முனைவர் கிராய்ச்சோ. ஆயுள் முழுக்க ரோமாக்களை ஆராய்ந்தவர். ஆனால் அவர்கள் மொழியில் உப்புக் கேட்கக்கூட அவருக்குத் தெரியாது. அவர் கை பட்டதும் ஜோஃப்கா ஆடினாள், தங்கக்காசு வாங்கினாள், கடைசிப் பக்கத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அரங்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையில் அவள் பெயர் பிழையாக இருந்தது. அவர் பெயர் பெரிய எழுத்தில் பிழையில்லாமல் இருந்தது.

சிறுமிகள் போனது தெரிந்ததும் முனைவர் காரில் வந்தார். சேறு ஒட்டுமே என்று இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“ஏம்மா, இதுகளைப் புத்தகத்துக்குள்ள போகச் சொல்லு. நீ சொன்னாக் கேக்கும்.”

“நீங்களே சொல்லுங்க டாக்டரய்யா. ஆடவெச்சது நீங்கதான?”

“போகலைன்னா உன் அடுத்த புத்தகம் வராது. பாத்துக்க.”

அரங்காவின் வீட்டில் பெட்டி நிறையக் கதைகள் இருந்தன. அவற்றை அச்சுப்போட வேறு நாதியில்லை. திரும்பிப் பார்த்தாள். ஜோஃப்காக்கள் வேலி நெடுக உட்கார்ந்து ரொட்டி மென்றபடி முனைவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வராட்டிப் போகுது,” என்றாள். “கண்ணாடியை ஏத்திக்கங்க. ஈ வாய்க்குள்ள போயிடும்.”

சிறுமி இல்லாத அந்தப் புத்தகத்தை முனைவர் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். ரோமானி படிக்கத் தெரியாத நடுவர்கள் வெற்றிடங்களைத் தடவிப் பார்த்து, என்ன ஆழமான மௌனம் என்று உருகிப் பரிசு கொடுத்தார்கள். மௌனத்தைப் பற்றி முனைவர் மூச்சுவிடாமல் பேசினார்.

பெட்டியிலிருந்த கதைகளை அரங்கா ஜோஃப்காக்களுக்கு வாசித்துக் காட்டினாள். அவர்கள் ஆளுக்கொன்றை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்தடுத்த குடியிருப்புகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அதற்கு முனைவர்கள் தேவைப்படவில்லை. இலையுதிர்காலத்தில் பள்ளியிலும் சேர்ந்தார்கள். அச்சிலிருந்து வந்தவர்கள் என்பதால் எல்லோரும் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். பள்ளி அவர்கள் முகவரியைப் பார்த்துவிட்டு, மந்தபுத்திக்காரர் வகுப்பில் உட்காரவைத்தது. மழை நாட்களில் மட்டும், மை கரையும் என்று அவர்கள் போவதில்லை. ஆசிரியை அதைச் சோம்பேறித்தனம் என்று குறித்துக்கொண்டாள்.