தீர்த்தம்மாளுது

தம்பி கட்டிய புதுவீட்டின் வாசற்படியில் வலது காலை வைத்த தீர்த்தம்மாள் இடது காலை வைக்கவில்லை. கூடத்தின் நட்டநடுவே, கண்ணாடி போல் வழுக்கும் டைல்ஸ் மேல், அவளுடைய அண்டா உட்கார்ந்திருந்தது. விளிம்பு வரை தண்ணீர், அதில் ரோஜா இதழ்கள், நடுவே பிளாஸ்டிக் தாமரை, தாமரைக்குள் ஒரு பேட்டரி விளக்கு வருகிறவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பின்னால் சீர்த்தட்டோடு வந்த புருஷன் ராஜப்பன் அவள் முதுகில் முட்டி நின்றார். அவர் முதுகில் நல்லம்பள்ளியிலிருந்து ஒரே வேனில் வந்த சொந்தமெல்லாம் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றது. அந்த வரிசை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீண்டதாகப் பிறகு சொன்னார்கள். ஜனங்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். பாதி வழிதான் இருக்கும்.

"ஏன் நின்னுட்ட? போ உள்ள" என்றார் ராஜப்பன்.

"எழுத்தக் காணம்" என்றாள் தீர்த்தம்மாள்.

அண்டா அவளுடையதுதான். வயிற்றில் உள்ளங்கை அகல ஒடுக்கு, அவள் வயிற்றுத் தழும்பைப் போல அவளுக்குத் தெரியும். ஆனால் கழுத்தைச் சுற்றி இரண்டு வரியாக ஓடிய எழுத்து இருந்த இடத்தில், இப்போது சவரம் செய்த கன்னம் போல் மழமழவென்று பித்தளை பளபளத்தது. அதற்குக் கீழே, மிட்டாய்ப் பெட்டியில் இருப்பது போன்ற வளைவு நெளிவான புது எழுத்து: ரஞ்சித்குமார் – தேவிப்பிரியா, புதுமனை புகுவிழா. தம்பி மகனும் மருமகளும்.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது ஊரில் இல்லாத வழக்கமல்ல. ஒரு கல்யாணம் என்றால் பத்து வீட்டு அண்டா ஒரே பந்தலில் கிடக்கும். எது யாருடையது என்று பிறகு அடித்துக்கொள்ளாமல் இருக்க, தகப்பன் பேரின் முதல் எழுத்தும் சொந்தப் பேரும் வெட்டி வைப்பார்கள். அவ்வளவுதான், நாலைந்து எழுத்து. மாதுவின் பெண்டாட்டி, தீர்த்தம்மாளின் அம்மா அமுதவல்லிக்கு நாலைந்து எழுத்து போதவில்லை. மகள் பெரியவளானதற்கு வாங்கிய அண்டாவை மொரப்பூர்ச் சந்தைக்குத் தலையில் சுமந்து போய், பேர் வெட்டும் சவுரியப்பன் முன்னால் இறக்கி, "நாஞ் சொல்றத ஒரு எழுத்து வுடாம வெட்டணும்" என்று உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லச் சொல்ல அவர் உளியைத் தட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வாசித்தார். வாசித்தவர் சிரித்த சிரிப்பில் அவர் பல்செட் கழன்று சாணிக்குழியில் விழுந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"இது மாது மவ தீர்த்தம்மாளுது. வாங்கிட்டுப் போறவங்க வெளக்கித்தான் குடுக்கணும். ஒடுக்கு வுழுந்தா நாங் கேப்பேன். அவ்ளோதான். வெட்டுய்யா, என்ன மூஞ்சியப் பாக்கற?"

அமுதவல்லி அடுத்த சந்தைக்கு அண்டாவையும் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனாள். "ஒரு எழுத்து வுடாதன்னு நீதானம்மா சொன்ன" என்றார் சவுரியப்பன், உளியைக்கூடக் கீழே வைக்காமல். அவள் அண்டாவை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டாள். திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். வந்து சேர்ந்தபோது பெருமையாகிவிட்டிருந்தது. தன் பேச்சு பித்தளையில் ஏறியிருக்கிறது. எந்த வீட்டு மருமகளுக்கு உண்டு? கையெழுத்துப் போடத் தெரியாதவள், பத்திரத்தில் பெருவிரலை உருட்டியவள், இந்த உலகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனது அந்த இரண்டு வரிதான். அண்டா இரவல் போகாத வீடில்லை. அத்தனை வீட்டிலும் விளக்கிக் கொடுத்தார்கள். சிலர் பயந்துபோய் இரண்டு தடவை விளக்கினார்கள்.

கொடுக்காத ஒரே ஆள் கூடப்பிறந்த தம்பி. முனிராஜ் தன் கல்யாணத்துக்கு வாங்கிப்போனான். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டாள். "பரண் மேல கெடக்குதுக்கா" என்றான், "எறக்க ஆளில்லக்கா" என்றான், "அண்டா எங்க போயிரும்" என்றான். அது எங்கும் போகவில்லை. அம்மாவின் குரல்தான் போய்விட்டது.

தீர்த்தம்மாள் இடது காலையும் எடுத்து வைத்து நேராக நடந்தாள். முனிராஜின் பெண்டாட்டி நிர்மலா பட்டுச்சேலை சரசரக்கச் சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்தாள்.

"வாங்கண்ணி. வேன் லேட்டா? சந்தனம் எடுத்துக்குங்க."

"எழுத்த யாருடி அழிச்சது?"

நிர்மலாவின் கண் ஒரு நொடி அண்டாவுக்குப் போய்த் திரும்பியது. "அதுங்களாண்ணி... பாலீசுக்குக் குடுத்தோம். சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து போற எடம். வெட்டுய்யா, மூஞ்சியப் பாக்கறன்னு எழுதியிருந்தா நல்லாவா இருக்கு? படிச்சுட்டுச் சிரிக்கறாங்க. அதான் மெசின் போட்டுத் தேச்சுடச் சொன்னேன்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். எங்கம்மா பேசுனா ஊரே சிரிக்கும். ஒங்கம்மா பேசுனா கொசுகூடத் திரும்பாது."

கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை அப்படியே உதட்டில் வைத்துக்கொண்டார்கள். முனிராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடி வந்தான். "அக்கா, நல்ல நாளு அதுவுமா. புதுசு ஒண்ணு வாங்கித் தரேன். இதவிடப் பெருசு. என்ன வேணுமோ எழுதிக்க."

"எழுதுனவ எங்கடா இருக்கா? கூட்டிட்டு வா, எழுதிக்கறேன்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன எழுதியிருந்துச்சு தெரியுமாங்க? சொல்றேன் கேளுங்க. இது மாது மவ தீர்த்தம்மாளுது. வாங்கிட்டுப் போறவங்க வெளக்கித்தான் குடுக்கணும். ஒடுக்கு வுழுந்தா..."

நின்றுவிட்டாள். ஒடுக்கு விழுந்தால் என்ன? ஐம்பது வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். கோபத்தில் அடுத்த வார்த்தை எங்கோ இடறி விழுந்துவிட்டது. பார்த்து வாசிக்கலாம் என்று அண்டாவின் கழுத்தைப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்தது, அகலமாக, நெளிந்து.

"நாங் கேப்பேன்" என்றான் முனிராஜ், மெதுவாக. "ஒடுக்கு வுழுந்தா நாங் கேப்பேன். அவ்ளோதான்."

"தெரியுதா?" அவள் குரல் இறங்கியது. இறங்கிய குரலுக்குத்தான் ராஜப்பன் எப்போதும் பயப்படுவார். சீர்த்தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். "மனப்பாடமாத் தெரிஞ்சுதான் அழிச்சியாடா? தெரியாதவன் அழிச்சா வுட்டுருவேன். அம்மா பேச்ச அச்சரம் மாறாம வச்சுக்கிட்டு, பொண்டாட்டி மெசின் போடச் சொன்னா தலையாட்டுனியா?"

"எனக்கும் அவ அம்மாதானக்கா."

"அப்ப உன்னையும் தேய்க்கணும்."

சொல்லிவிட்டு அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். ஒகேனக்கல்லில் அருவி விழுவதைக் கூடத்துக்குள் பார்த்தவர்கள் அன்றைக்கு வந்திருந்த விருந்தாளிகள்தான். தண்ணீர் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பட்டுச்சேலைகள் முழங்காலுக்கு ஏறின, பெரியவர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்றார், பிளாஸ்டிக் தாமரை கண்ணடித்துக்கொண்டே மிதந்து பூஜை அறைக்குள் போய்விட்டது. ரஞ்சித்குமார் துடைப்பத்தைத் தேடி ஓடினான். நிர்மலா சந்தனக் கிண்ணத்தோடு அசையாமல் நின்றாள்.

"தூக்கிட்டுப் போறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்" என்று தீர்த்தம்மாள் குனிந்தாள். அண்டாவின் வாய்க்குள் கைவிட்டுக் கழுத்தை உள்பக்கமாக இறுக்கிப் பிடித்தாள். பிடித்த விரலில் ஏதோ உறுத்தியது.

கையை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த காலத்தில் விரல் நுனியைப் பிராண்டிய அதே உறுத்தல். சவுரியப்பன் சம்மட்டிக்காரன் போல் அடிக்கிறவர். வெளியே அடித்த உளி உள்ளே புள்ளி புள்ளியாகப் புடைத்திருந்தது. மெசின் வெளியில்தான் ஓடியிருக்கிறது. உள்ளே யாரும் தொடவில்லை. எழுத்தெல்லாம் வலம் இடமாகத் திரும்பி, ஆனால் ஒரு புள்ளிகூடக் குறையாமல்.

தீர்த்தம்மாள் அந்த ஈரத்தில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்தாள். அண்டாவை மடியில் சாய்த்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். வெளியே அவள் முதுகும், அவிழ்ந்த கொண்டையும், தண்ணீரில் கோலம் போட்டுக்கொண்டிருந்த முந்தானையும்தான் தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது. பித்தளை அதைப் பத்து மடங்காக்கி அனுப்பியது. அடுத்த தெருவில் கட்டியிருந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது.

"கே... பே... இல்ல, இந்தப் பக்கமா வரணும்... ன்..."

யாரும் சிரிக்கவில்லை. முனிராஜ் வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தண்ணீரில் மண்டியிட்டு, செல்போன் விளக்கைப் போட்டு அண்டாவுக்குள் நீட்டினான். அவன் தலை குறுக்கே வந்தது.

"தள்ளுடா அந்தாண்ட" என்றது அண்டா. "எழுத்த மறைக்குது."

அவன் தள்ளிக்கொண்டான். கையை மட்டும் எடுக்கவில்லை. அவள் குரல் எழுத்தெழுத்தாக நகர நகர, பித்தளை உள்சுவரில் வெளிச்சமும் கூடவே நகர்ந்தது.