ஆறாம் பக்கத்துக் காலி இடம்

சித்திரக்கதை செய்வதில் ஒரு விதி இருக்கிறது. முதலில் வசனத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் படம். மாற்றிச் செய்தால் வசனம் போக இடமில்லாமல் படத்தின் மேலேயே வந்து விழும். இது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை மதியம் வரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

இருவர் என்றால் நானும் ரேடியோவும். ரேடியோ என்பது வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு எல்லாரும் வைத்த பெயர். ‘அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ’ என்பார் கணக்கு சார். எனக்கு வைத்த பெயர் மியூட். வருகைப்பதிவுக்குக்கூட நான் கையைத் தூக்குவேனே தவிர வாயைத் திறந்ததில்லை.

இரண்டு பேராகச் சேர்ந்து எட்டுப் பக்கத்தில் ஒரு சித்திரக்கதை செய்யச் சொன்னார் லைப்ரரி மிஸ். முப்பது பிரதி எடுத்து நூலக அலமாரியில் வைப்பார்களாம். படம் நான், வசனம் ரேடியோ. வேலையைப் பிரித்துக்கொள்ள எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கதை எங்களுடையதேதான். புதுப் பள்ளியில் முதல் நாள். ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறாள். தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண் பெஞ்சில் இருந்த தன் பையை நகர்த்தி இடம் விடுகிறாள். போன வருடம் உண்மையாகவே நடந்தது. நின்றது நான். பையை நகர்த்தியது ரேடியோ.

பை நகரும் இடம்தான் ஆறாம் பக்கம். பக்கம் முழுக்க ஒரே கட்டம். இடது ஓரத்தில் பையும் அதன் வாரைப் பிடித்த ஒரு கையும். வலது ஓரத்தில் என் ஷூவின் நுனிகள் மட்டும். நடுவில் வெறும் பெஞ்சு. அதை வரைய மூன்று நாள் பிடித்தது. காலி இடத்தை நேராக வரைய வழியே கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் வரைய முடியும். மரத்தின் கோடுகளை ஓரங்களில் நெருக்கமாகப் போட்டு, நடுவில் போகப் போகக் குறைத்துக்கொண்டே வந்தேன். அப்போது பார்ப்பவரின் கண் தானாக வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போய்விடும். நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அது.

வியாழக்கிழமை ரேடியோ பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப்போனாள். வசனங்களைத் தனித்தாளில் எழுதி, குமிழி வடிவத்தில் வெட்டி, ஒட்டி எடுத்துவருவதாக ஏற்பாடு. மறுநாள் மதிய இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஜெராக்ஸ் அறைக்கு ஓடினோம்.

“அண்ணா, பக்கம் மாறிடாம எடுங்க. முதல் பக்கம் மேல இருக்கு” என்றாள் ரேடியோ.

“எனக்கேவா சொல்லித் தர்றே?” என்றார் ஜெராக்ஸ் அண்ணன். “சரி, ஒவ்வொரு பக்கமா குடு.”

மிச்சப் பக்கங்களை நான் புரட்டினேன். ஆறாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. பெஞ்சின் நடுவே, மூன்று நாள் வரைந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு பூசணிக்காய் அளவுக்கு ஒரு குமிழி. உள்ளே எழுத்து நெரிசல். ‘வா வா, உட்காரு! இந்தப் பை சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. டப்பால என்ன? எனக்கும் கொஞ்சம் குடு. இங்க எனக்கு எல்லாரையும் தெரியும், பயப்படாதே!’

“எப்படி இருக்கு?” ரேடியோவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “நடுவுல நிறைய இடம் விட்டிருந்தியா, அதான் பெருசா வச்சேன். ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கலன்னு அம்மாகிட்ட திட்டு வேற.”

எனக்குக் காது இரண்டும் சுட்டன.

ஜெராக்ஸ் மெஷினில் கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும். வெள்ளைத் தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி வரும், கறுப்பு மையில் பட்டது வராது. எங்கே வரவில்லையோ அங்கே மெஷின் கறுப்புப் பொடியை ஒட்டும். முப்பது பிரதிக்கு ஒரு நிமிடம். அதாவது ஆறாம் பக்கத்தின் முறை வரும் வரை எனக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சொல்ல வேண்டியதோ மூன்றே சொல். ‘அந்தக் குமிழி வேண்டாம்.’

முதல் பக்கம் முடிந்தது. மூன்று சொல்லும் தொண்டை வரை வந்தன. இரண்டாம் பக்கத்தில் நாக்குக்கு வந்தன. மூன்றாம் பக்கத்தில், அவள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது ஞாபகம் வந்து, மூன்றும் வயிற்றுக்கே திரும்பிப் போய்விட்டன. எனக்கு இருப்பது ஒரே ஒரு தோழி. அவள் கோபித்துக்கொண்டால்? நான்கு. ஐந்து. அண்ணன் ஆறாம் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

நான் தாளை இழுத்துவிட்டுக் கண்ணாடிமேல் கையை வைத்தேன். அதற்குள் விளக்கு நகர்ந்துவிட்டது. பாதிக் குமிழியும் என் ஐந்து விரலுமாக ஒரு பிரதி வெளியே வந்து விழுந்தது.

“அடடா! கையை எடும்மா!” அண்ணன் மெஷினை நிறுத்தினார். “கைரேகையா எடுக்கச் சொன்னீங்க?”

“அந்தக் குமிழி வேண்டாம்” என்றேன்.

“என்னது?” ரேடியோ என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏன், எழுத்துப் பிழையா?”

“அந்த இடம் காலி இல்ல. அதுதான் படம்.”

“அங்கதான் ஒண்ணுமே இல்லையே.”

“நீ பையை நகர்த்தினதும் வந்த இடம்டி அது. அன்னைக்கு எனக்கு அது போதும்னு இருந்துச்சு. யாராவது ஏதாவது கேட்டிருந்தா நான் திரும்பி ஓடியிருப்பேன்.”

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. தாளின் மூலையை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அன்னைக்கு நான் ஒண்ணுமே பேசலல்ல?”

“இல்ல.”

“பயம். அதுக்கு முந்தின நாள்தான் ரெண்டு பேர், இவ தொணதொணங்குறான்னு எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க. வாயைத் திறந்தா நீயும் போயிடுவேன்னு நினைச்சேன். அதான் பையை மட்டும் நகர்த்தினேன். சரி, கதையிலயாவது தைரியமா பேசட்டுமேன்னு…”

ஒரு வருடமாக அவளை எதற்கும் பயப்படாதவள் என்று நினைத்திருந்தேன்.

“நீ பேசியே கொன்னாலும் நான் போகமாட்டேன்” என்றேன்.

“அதைச் சொன்னாத்தானே தெரியும்! நீதான் வாயைத் திறக்கமாட்டியே!” என்று கத்திவிட்டு, அவளே சிரித்துவிட்டாள்.

“சண்டையா சமாதானமா, சீக்கிரம் சொல்லுங்க” என்றார் அண்ணன். “பெல் அடிக்கப் போகுது.”

குமிழியை அவளே உரித்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் தாளின் மேல்தோலும் கொஞ்சம் வந்துவிட்டது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. பிரதியை வெளுப்பாக எடுத்தால் திட்டு மறைந்துவிடும் என்றார் அண்ணன். ஆனால் வெளுப்பாக்கினால் மெல்லிய கோடுகளும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் ஓரத்துக் கோடுகளையும் பையின் வாரையும் கறுப்புப் பேனாவால் தடிமனாக்கினேன். தாள் நகராமல் பிடித்துக்கொண்டு மை காய ஊதினாள் ரேடியோ. ஊதும்போது பேச முடியாது என்பதால் அறை அமைதியாக இருந்தது.

ஒரு பிரதி எடுத்துப் பார்த்தோம். திட்டு போய்விட்டது. பெஞ்சின் நடுவில் பளிச்சென்று வெள்ளை. அண்ணன் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

“யாரு உட்காரப் போறாங்க இங்க?”

“பாத்தியா, கேக்குறார்! குமிழியே இல்லாம கேக்குறார்!” ரேடியோ என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மீதிப் பிரதிகள் சூடாக ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. உரித்த குமிழியை அவள் கசக்காமல் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

“இதை ஏழாம் பக்கத்துல ஒட்டலாமா?” என்றாள். “அவ உட்கார்ந்ததுக்கு அப்புறம் இவ பேச ஆரம்பிக்கட்டும்.”

ஏழாம் பக்கத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏற்கெனவே நான்கு குமிழி ஒட்டியிருந்தாள். அதில் ஒன்று என் மூக்குக்கு மேலே எதையும் தெரியவிடவில்லை.

“ஒட்டலாம். இதை எடுத்துட்டு.”

“ஐயோ, அதுலதான் ஜோக் இருக்கு!”

“என் முகம் தெரியணும்.”

“கண்ணு மட்டும் தெரிஞ்சா போதாதா? கொஞ்சம் மேல தள்ளி ஒட்டுறேன்.”

“போதாது.”

“வலது பக்கம் பாதி முகம்? நல்லா இருக்கும்டி, ஸ்டைலா!”

அண்ணன் மெஷின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழு முகம்” என்றேன்.