கடைசிப் பத்து நிமிடம்

காலை ஐந்தே முக்காலுக்கே துணி அழுத்தும் உருளை சூடேறிவிடும். வெளியே டென்மார்க்கின் இஷொய் நகரம் இருட்டில் கிடக்கும், தை மாதத்துப் பனி கூரைத் தகரத்தில் இறுகியிருக்கும். உள்ளே எங்களுக்கு முதுகில் வியர்வை ஓடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, அழுத்தி, மடித்துத் திருப்பி அனுப்பும் சலவைச்சாலை அது. ஈரத் துணிக் குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவி, இரண்டு மூலைகளைத் தேடிப் பிடித்து, தோளுக்கு மேலே இருக்கும் இரண்டு கவ்விகளில் கொடுக்கவேண்டும். கவ்வி அதை வெடுக்கென்று பறித்துக்கொண்டுபோய் உருளைக்குள் தள்ளும். அது போவதற்குள் அடுத்த விரிப்பின் மூலை கையில் இருக்கவேண்டும். ஒரு காலைக்குத் தொள்ளாயிரம் தடவை. நம்பாதவர்கள் வீட்டில் ஒரு ஈரப் போர்வையைப் பத்துத் தடவை தூக்கிப் பார்க்கட்டும், பிறகு வந்து என்னோடு கதைக்கட்டும்.

என் பெயர் மனோரஞ்சிதம். பதினெட்டு வருடமாக அந்த உருளைக்கு முன்னால் நிற்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையில் நடந்த பிழையைத் தொடக்கிவைத்தவள் நான்தான். ஆகையால் நானே சொல்கிறேன்.

உருளையில் நாங்கள் நாலு பேர். நான், கைவேகத்தில் யாரும் கிட்ட வரமுடியாத சுஜீதா, எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியான டேனிஷ்காரி பென்டே, பிறகு எமிலியாக்கா. எமிலியாக்கா மன்னார்க்காரி, வயது ஐம்பத்தொன்பது. வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. புருஷன் குருசுமுத்து வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிற மனிதர். வீட்டில் வேலைக்குப் போக வேறு ஆளில்லை.

நாலு பேரின் கழுத்திலும் ஆளுக்கொரு கார்டு தொங்கும். நிற்கிற இடத்தில் அதைச் செருகினால், மணிக்கு எத்தனை விரிப்புக் கொடுத்தாய் என்று தலைக்கு மேலே திரையில் விழும். நூற்றியெண்பது என்றால் பச்சை, குறைந்தால் சிவப்பு. இயந்திரத்தை நிறுத்தினால் அந்த நேரமும் சிவப்புத்தான். மூன்று மாதம் சிவப்பில் கிடந்தவர்களை முதலாளி மிக்கெல் அறைக்குள் கூப்பிட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இங்கே முதலாளியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வெட்டு வலிக்காது என்று நினைக்கிறார்கள் போல.

போன ஐப்பசியில் சலவைச்சாலைக்குத் தொண்ணூறு வயது. மிக்கெலின் பாட்டன் உலகமே வேலையில்லாமல் கிடந்த காலத்தில் தொடங்கியது. அந்த நினைவுக்கு, அதே காலத்து அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படமொன்றைச் சாப்பாட்டு அறையில் போட்டார்கள். ஆளுக்கொரு பை சோளப்பொரி.

படத்தில் போத்தல் கழுவும் தொழிற்சாலை. ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு மணி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சத்தம். பன்னிரண்டு போத்தல் முடித்தால் மணியை அடிக்கவேண்டும். மேலே பரணில் கண்காணி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பான். எவளுடைய மணி கேட்கவில்லையோ அவள் அன்றைக்கே வெளியே. வாசலில் அந்த இடத்துக்கு இருநூறு பேர் குளிரில் நிற்பார்கள். அதிலே ஒரு இருமல்காரி. அவளால் முடியாதபோது பக்கத்தில் நிற்பவள் காலை நீட்டி அவளுடைய மணியை அடித்துவிடுவாள். கண்காணி ஏமாந்துபோய்த் தலையாட்டுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எமிலியாக்காவுக்குச் சிரித்தே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கையில் துணி ஏற்றும் லொறி வந்துவிட்டது. மிக்கெல் படத்தை நிறுத்தினான்.

"பார்த்தீர்களா, அந்தக் காலத்தில் எவ்வளவு கொடுமை! இன்றைக்கு யாராவது உங்கள் தலைக்கு மேலே மணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா?" என்று டேனிஷில் கேட்டான்.

ஒவ்வொருவராகக் கழுத்தில் கிடந்த கார்டைத் தொட்டுப்பார்த்துக்கொண்டு எழுந்து போனோம்.

கார்த்திகையில் எமிலியாக்காவின் பெயர் இரண்டாம் மாதமாகச் சிவப்பில் விழுந்தது. உடுப்பு மாற்றும் அறையில் மனிசி சிலுவை போட்டுக்கொண்டு அழுதா.

"இன்னும் ஒரு மாசம், மனோ. பிறகு எனக்கும் கோப்பி ஊத்துவான்."

"அழாதேங்கோ அக்கா. படத்தில மணி அடிச்சவை. எங்களிட்டக் கார்டு இருக்குத்தானே," என்றேன் நான்.

அப்படித்தான் தொடங்கியது. சுஜீதாவின் இடத்தில் எமிலியாக்காவின் கார்டு, எமிலியாக்காவின் இடத்தில் சுஜீதாவின் கார்டு. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை வைத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. சுகமில்லாத வீட்டுக்கு எல்லாரும் ஒரே நாளில் இடியப்பம் கொண்டுபோய், கடைசியில் அந்த வீட்டில் கொட்ட இடமில்லாமல் போகும். அதே கதைதான் இதுவும். மற்றவள் குறையக் கொடுத்திருப்பாள், பாவம் அக்கா என்று ஒவ்வொருத்தியும் அரை மணி நேரம் கூடக் கொடுத்தோம். பென்டேயும் எங்களோடு பழகிப் பழகி அப்படியே ஆகிவிட்டா. மார்கழி முடிவில் திரையைப் பார்த்தால், தோள் தேய்ந்த எமிலியாக்கா மணிக்கு இருநூற்றிப் பத்து! சலவைச்சாலையிலேயே முதலாவது!

மிக்கெல் கேக் கொண்டுவந்தான். எமிலியாக்காவின் தலையில் கடதாசிக் கிரீடம் வைத்துப் படம் எடுத்தான். மனிசி என்னைப் பார்த்தா. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஐம்பத்தொன்பது வயதுப் பெண்ணால் முடியுமென்றால்," என்று மிக்கெல் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னான், "எல்லோராலும் முடியும். தை முதலாம் திகதியிலிருந்து பச்சைக்கு இருநூற்றிப் பத்து."

பென்டே கத்தியே விட்டா. "பிரதிநிதியோடு பேசாமல் அளவைக் கூட்டமுடியாது!"

"இது அளவு இல்லை பென்டே, உங்கள் தோழி சாதித்த எண்ணிக்கை. எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் என்று எல்லாம் பதிந்திருக்கிறது. பொய்யா?"

பொய் என்று சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். சொல்லவில்லை. அந்தப் படத்து மணிக்கு ஞாபகம் கிடையாது. அடித்த சத்தம் அடித்த இடத்திலேயே செத்துவிடும். இந்தக் கார்டுச் சனியன் எல்லாவற்றையும் வைத்திருந்தது.

தை பிறந்ததும் இருநூற்றிப் பத்துக்கு ஓடி ஓடி எங்களுக்கே மூச்சு வாங்கியது. மற்றவளுக்குக் கொடுக்க யாரிடமும் ஒரு நிமிடமில்லை. எமிலியாக்கா தன்னுடைய கார்டோடு தனியே நின்றா. ஒன்பதாம் நாள் காலை ஆறரை மணி. ஒரு விரிப்பு உருளையின் வாயில் சுருண்டுகொண்டது. நிறுத்தும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. நிறுத்தினால் சிவப்பு. அக்கா பொத்தானைத் தொடவில்லை. பாதுகாப்புத் தடுப்புக்குப் பக்கவாட்டால் வலது கையை உள்ளே விட்டு விரிப்பை இழுத்தா. உருளை கையையும் விரிப்பையும் ஒன்றாக இழுத்தது.

அந்த அலறலை நான் எழுதமாட்டேன். சுஜீதா பாய்ந்து நிறுத்தினாள். கை வெளியே வந்தபோது தோல் வெந்து, விரல்கள் தட்டையாகியிருந்தன. இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு உருளையைத் துடைத்துத் திரும்ப ஓடவிட்டான் மிக்கெல். ஆஸ்பத்திரிக்கு விரிப்பு வேண்டுமாம்.

நாலு நாள் கழித்து என்னை அறைக்குக் கூப்பிட்டான். கோப்பி ஊற்றினான். ஒரு கடதாசியை என் பக்கம் தள்ளினான்.

"நீ சாட்சி. எமிலியா எங்கள் வேகமான ஆள். யாரும் அவசரப்படுத்தவில்லை, தானே விதியை மீறிக் கையை விட்டாள். இதற்குக் கையெழுத்துப் போட்டால் போதும்."

"போட்டால் அவளுக்கு நட்டஈடு?"

"அது சட்டத்தின் வேலை. உன் வேலை இங்கே இருக்கிறது, மனோ. பதினெட்டு வருடம்."

நான் பேனையைக் கையில் எடுத்தேன். மறைக்கமாட்டேன், எடுத்தேன். வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தன. "திங்கட்கிழமை தருகிறேன்" என்று சொல்லிக் கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். வெட்கம் கெட்டவள் நான்.

வேலை முடிந்து அல்பர்ட்ஸ்லுண்டில் எமிலியாக்காவின் வீட்டுக்குப் போனேன். எமிலியாக்கா சோபாவில் இருந்தா. கை ஒரு தலையணை அளவுக்குக் கட்டுப்போட்டிருந்தது. குருசுமுத்து அண்ணை தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டார். நான் காலடியில் இருந்து அழுதேன்.

"இப்ப என்னத்துக்கு அழுகிறாய்?" அக்காவின் குரல் கத்தி மாதிரி இருந்தது. "உங்கள ஆர் கேட்டது? என்னை என்ர பாட்டுக்கு விட்டிருந்தா, மார்கழியில கோப்பி ஊத்தி அனுப்பியிருப்பான். நான் கையோட வீட்ட வந்திருப்பன்."

"அக்கா, நல்லதுக்குத்தானே செய்தனாங்கள்..."

"நல்லதுக்குத்தான். அந்தக் கிரீடத்தையும் நல்லதுக்குத்தான் வைச்சவன். போ, மனோ. அவன் கேக்கிறதில கையெழுத்தைப் போட்டுட்டு உன்ர பிள்ளையப் பார்."

ரயிலில் கடதாசியை விரித்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தானே, தானே என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. அன்று பின்னேரமே பென்டே வீட்டில் நாங்கள் மூவரும் கூடினோம்.

"உண்மையைச் சொன்னால் பதிவுகளை மாற்றிய குற்றம். அன்றைக்கே வேலையால் நிறுத்தலாம்," என்றா பென்டே. "தனியாகச் சொன்னால் ஒருத்தியைப் பிடித்துக் காட்டிவிட்டு மற்றவர்களை ஓடவிடுவான். எல்லோருமாகச் சொன்னால்தான் அந்த இருநூற்றிப் பத்து பொய்யாகும். அது பொய்யென்றால் எமிலியாவை அவசரப்படுத்தியது யார் என்று யாரும் கேட்கலாம்."

சுஜீதா கேட்டாள்: "அந்தப் படம் எப்படி முடிந்தது, பென்டே? நீங்கள் பார்த்தீர்களா?"

"சங்கத்தில் இளம் வயதில் பார்த்தேன். இருமல்காரிக்கு யார் மணி அடித்தது என்று கண்காணி கேட்கிறான். எல்லோரும் நான் நான் என்கிறார்கள். எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுகிறார்கள். பனியில் நிற்கிறார்கள். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?" என்றாள் சுஜீதா. "சரி. எழுதுங்கள்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்களே உருளையை நிறுத்தினோம். மிக்கெல் ஓடி வந்தான். பென்டே எங்கள் கடதாசியை நீட்டினா.

வாசித்தவனின் கழுத்து சிவந்தது. "இதன் அர்த்தம் தெரியுமா உங்களுக்கு? மோசடி! யார் தொடங்கியது? ஒரு பெயர் சொல்லுங்கள், மற்றவர்களை விட்டுவிடுகிறேன்."

"நான்," என்றேன்.

"நான்," என்றாள் சுஜீதா.

"நான்தான்," என்றா பென்டே.

அழுக்குத் துணிப் பக்கத்துக் கதவு திறந்தது. தொட்டியில் துணி போடும் கஜதீபன் ஏப்ரனோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் போலந்துக்காரர் இருவர், பிறகு மடிப்பு மேசைக்காரர் ஐந்து பேர். "நாங்கள் கார்டு மாற்றவில்லை," என்றான் கஜதீபன். "ஆனால் இருநூற்றிப் பத்தை எடுக்கும்வரை தொட்டியில் துணி விழாது. பென்டே எங்களிடமும் கொண்டுவந்தா, அந்தக் கடதாசியில் எங்கள் பெயரும் இருக்கிறது."

"நாளைக்கே வேறு ஆள் எடுப்பேன்!"

"மிக்கெல்," என்றாள் சுஜீதா, "நீ அன்றைக்குப் போட்ட படத்தை முழுவதும் பார்த்தாயா?"

"இல்லை. அதற்கென்ன இப்போது?"

"கடைசியில் எல்லோரையும் வெளியே தள்ளிவிடுகிறார்கள். நாங்கள் அது தெரிந்துதான் வந்திருக்கிறோம்."

அவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு, யாருக்கோ போன் எடுக்க உள்ளே போனான். உருளை மெல்ல மெல்ல ஆறியது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அங்கே நின்றுகொண்டு வெளியே ரயில் போகிற சத்தத்தைக் கேட்டேன். சுஜீதா என் கையைப் பிடித்திருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது. எமிலியாக்கா.

"கையெழுத்துப் போட்டுட்டியே, மனோ?"

"போட்டன் அக்கா. அவன்ர கடதாசியில இல்ல, எங்கட கடதாசியில."

"எத்தினை பேர்?"

"பதினொரு பேர்."

மனிசி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கீழ ஒரு வரி விட்டு வையுங்கோ," என்றா. "இடக்கையால எழுதப் பழகிறன். பின்னேரம் வாறன்."