கோர்ட் கலையும் வரை

"அந்தக் கஞ்சி போட்ட சட்டைய எங்கட்டி வச்ச?" என்று லிங்கராஜ் மூன்றாம் தடவை கேட்டான். அவன் பெண்டாட்டி உலகம்மாள் குனிந்து பாத்திரம் தேய்த்தாள். சட்டை அவள் காலடியில் வாளித் தண்ணீருக்குள் கிடந்தது. விடிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் முக்கி வைத்தாள்.

அன்று தீர்ப்பு நாள். தண்டனை வாங்கப் போகிறவன் புதுமாப்பிள்ளை மாதிரி சவரம் செய்து பவுடர் பூசி நின்றதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. அவளும் அதை மறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு லீலாபாய்தான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். வழக்கில் இரண்டாவது பெயர் ஆர்ஷா என்ற பத்திரிகைக்காரப் பெண்ணுடையது. "ஒனக்க மாப்பிளயும் அவளும் ஒரே கூண்டுலதான நிக்காவ, ஒரு கண்ணு வச்சிக்கோ" என்றாள் லீலாபாய். மலையாள ஊரான வள்ளக்கடவில் அந்தச் சந்து முழுக்க இப்படித்தான் பேசியது. பெண்டாட்டிக்குப் பொறாமை என்றால் வேறு எதற்காக இருக்க முடியும்? உண்மையில் ஆர்ஷாவிடம் அவள் பொறாமைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். போலீஸ் எழுதிய தாளில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு உலகம்மாள் விமான நிலையத்தில் காண்ட்ராக்ட் கம்பெனியின் துப்புரவுக்காரி. கக்கூஸ் கழுவும் பெண்கள் அதே கக்கூஸுக்குப் போகக்கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டது. பயணிகள் முகம் சுளிப்பார்களாம். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். விலக்கு நாளில் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் கூட வேலை செய்த முத்தாரம்மாள் உள்ளேயே போய்விட, அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாள் மாலை உலகம்மாள் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு தடுப்பைத் தாண்டி, யாரும் போகக்கூடாத சரக்குப் பகுதிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கூடவே ஆர்ஷா, கேமராவோடு.

சாலைக் கடைத்தெருவில் பரோட்டா மாஸ்டராக இருந்த லிங்கராஜ் சேதி கேட்டு ஓடிவந்தது, பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போகத்தான். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும்போது ஆர்ஷா படம் எடுத்தாள். பத்திரிகை ஆபீஸில் யாரோ படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். அச்சில் வந்தபோது வாய் பிளந்து கத்தும் தலைவன் ஒருவன் நின்றான். உலகம்மாளின் கை மட்டும் அதில் இருந்தது.

போராட்டம் நடந்த அன்று, பொழுது சாய்ந்தபின் பெண்களைப் பிடித்து வைக்க முடியாது, வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குங்கள் என்று எஸ்.ஐ. அனுப்பிவிட்டார். லிங்கராஜ் என்று ஆண் ஒருவன் பிடிபட்டிருக்கும்போது பெண்கள் பெயர் எதற்கு? ஆர்ஷா மட்டும், என் பெயரை எழுதினால்தான் நகர்வேன் என்று நின்று சாதித்தாள். அப்படி நிற்கலாம் என்று உலகம்மாளுக்கு அப்போது தோன்றவில்லை. அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

கேஸ் வந்ததும் லிங்கராஜுக்குத் தொழிற்சங்கத்தில் மரியாதை ஏறியது. துப்புரவுப் பெண்களின் கிளைக்கு அவனே தலைவர், தீர்ப்பு நாள் சாயங்காலம் கழுத்தில் மாலை போட்டு அறிவிப்பார்கள். இனிக் கம்பெனியோடு பேசப் போகிறவன் அவன்தான். மேடையேறினால் உரிமை என்பான், கூலி என்பான். கக்கூஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அசிங்கமாம். அவன் பேசினால் முத்தாரம்மாளின் கதை அத்தோடு முடிந்தது என்று உலகம்மாளுக்குத் தெரியும்.

கோர்ட்டில், குற்றம் உறுதி என்று சொல்லிவிட்டு, தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஆர்ஷா இல்லை என்றாள். லிங்கராஜ் கைகூப்பி, எனக்கும் போராட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, பெண்டாட்டியைக் கூட்டிவரத்தான் போனேன் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தான். மேடையில் தலைவர், கூண்டில் அப்பாவி. இருவருக்கும் அபராதம், அத்துடன் கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்கும் தண்டனை.

உலகம்மாள் எழுந்தாள். "ஐயா, மொதல்ல உள்ள போனது நான். நாங்க கழுவுத கக்கூஸுல நாங்க போவக்கூடாதுன்னாவ, அதுக்குத்தான் போனோம். எனக்க தண்டன எங்க?"

மாஜிஸ்திரேட் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு பெயரே இதில் இல்லை, இருப்பதானால் சத்தமில்லாமல் இருக்கலாம் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். ஆர்ஷா தன் பெஞ்சில் இடம் விட்டாள். உலகம்மாள் போய் உட்கார்ந்தாள்.

மதியத்துக்குமேல் லிங்கராஜ் சிப்பந்தியிடம் தலையைச் சொறிந்துவிட்டு டீ குடிக்க நழுவினான். டீக்கடையில் டி.வி.க்காரர்கள் நின்றார்கள். நாலு மணிக்கு ஜன்னலில் தலை நீட்டினான்.

"ஏட்டி, வெளிய வா. தண்டன எனக்குல்லா, நீ எதுக்குக் கெடக்க?"

"நான் செஞ்சதுக்கு நான் இருந்துட்டு வாரேன். நீங்க போயி மாலைய வாங்குங்க."

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். கால் மரத்துப்போன உலகம்மாளும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம் தொடங்கியிருந்தது. லிங்கராஜ் கழுத்தில் மாலை. முத்தாரம்மாளும் மற்றப் பெண்களும் கடைசியில் நின்றார்கள். உலகம்மாள் நேரே மைக்குக்குப் போனாள். சங்கச் செயலாளர் அனில் நல்ல மனுஷன்தான், பதமாகத்தான் தடுத்தான்.

"சேச்சி, இது சிட்சை அனுபவிச்சவருக்கான ஸ்வீகரணம், வரவேற்பாக்கும். மற்றவங்க பின்ன பேசலாம்."

"அப்பம் சரிதான். இவரு டீக்கடையில நின்னாரு. கோர்ட்டு கலையுத வர இருந்துட்டு வாரவ நான்."

அனில் லிங்கராஜைப் பார்த்தான். லிங்கராஜ் மாலையில் ஏதோ சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.