இரண்டாவது ரிசல்ட்

"பெரிய வியாதியையே ஒத்துக்கிட்டேன். இந்தப் புது வியாதி எங்கேருந்து வந்துச்சு? அதச் சொல்லுங்க!"

அடுத்த வீட்டுத் தையல்காரியின் குரல். நான் சுவரை ஒட்டித்தான் நின்றிருந்தேன். துணி காயப்போட வேறு இடமில்லை.

பெரிய வியாதி எச்.ஐ.வி. அவளுக்கு அது செத்துப்போன புருஷன் விட்டுச்சென்ற சொத்து. எதிரே நின்ற பிரிட்ஜ் மெக்கானிக்குக்கும் உண்டு. மாத்திரை வாங்கும் வரிசையில் பழகி, அடுத்த மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அதற்குமுன் எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாம் என்றது அவள்தான். அவருடைய தாளில் சிபிலிஸ் என்கிற மேகநோய் என்று வந்துவிட்டது.

"சத்தியமா நான் எங்கேயும் போகலைம்மா."

"பின்ன, பிரிட்ஜுக்குள்ளேருந்து ஒட்டிக்கிச்சா? ஒருத்தர் சத்தியத்த நம்பித்தான் நான் தினம் மாத்திரை தின்னுக்கிட்டிருக்கேன்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அவள் அண்ணன். அவர் எதையும் அப்போதே சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் மூவரும் லேப்புக்குப் போனார்கள். நானும் சுகர் பார்க்கப் போனேன். எனக்கு சுகர் கிடையாது.

லேப்காரம்மா தாளைப் புரட்டினார். "இது முதல் டெஸ்டுதான். எச்.ஐ.வி. இருக்கறவங்கள்ல சில பேருக்கு, நோயை எதிர்க்க வேண்டிய சக்தி தடுமாறி சொந்த உடம்புக்கே எதிரா வேலை செய்யும். அதப் பாத்து இந்த டெஸ்ட் ஏமாந்துடும். இன்னொண்ணு எடுத்தாத்தான் நிச்சயம்."

"வேலியே பயிர மேயுதுங்கறீங்க," என்றார் மெக்கானிக், முதன்முறையாக நிமிர்ந்து.

"உங்களுக்கு அப்படித்தானான்னு ரெண்டாவது ரிசல்ட் சொல்லட்டும். அண்ணனும் ரத்தம் குடுத்துட்டுப் போங்களேன்?"

அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது.

மூன்று நாள் தையல் மிஷின் ஓடவில்லை. அதற்குள் நான் நாலு வீட்டில் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தேன்.

நாலாம் நாள் ரிசல்ட் வந்தது. மேகநோய் இல்லை. அவள் தாளை இரண்டு முறை படித்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அளவு நாடாவை எடுத்து, "கழுத்தக் காட்டுங்க, கல்யாணச் சட்டைக்கு," என்றாள்.

நாலு வீட்டுக்கும் திரும்ப நடந்தேன். இரண்டு வீட்டில்தான் நம்பினார்கள். முதலில் சொன்னதில் இருந்த ருசி இதில் இல்லையாம்.

சொன்ன மாதத்திலேயே கல்யாணம் முடிந்தது. இருவரும் மெக்கானிக் கடையின் மாடிக்குக் குடிபோனார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. வாசலில் லேப்காரம்மா நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார் என்று கேள்வி. தையல்காரி வீட்டுக்கு இப்போது ஒரு கணக்கு வாத்தியார் வந்திருக்கிறார். தனி ஆள், வாயே திறப்பதில்லை. துணியை நான் இப்போது எங்கள் வீட்டு மொட்டைமாடியில்தான் காயப்போடுகிறேன்.