சும்மா கிடந்த இடம்

சாவி பூட்டுக்குள் போவேனா என்றது. சப்ரி சித்தப்பா எச்சில் தொட்டுத் திணித்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார், கடைசியில் அடக்கவிடத்தின் இரும்புக் கதவை ஓங்கி ஒரு உதை விட்டார். அப்பாவைக் கிடத்திய சந்தூக்கின் முன்கட்டை நாதிரின் தோளில் இருந்தது. காலையில்தான் ஜார்ஜியாவிலிருந்து விமானத்தில் கெய்ரோ வந்திறங்கி, முதுகுப்பையோடு நேரே பள்ளிவாசலுக்கு ஓடி, தொழுகை முடிந்ததும் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவன் அவன்.

"எத்தனை வருஷமா நம்ம வீட்ல யாரும் சாகல. பூட்டு துருப்பிடிக்காம என்ன செய்யும்?" என்றார் சித்தப்பா.

பூட்டில் துருவே இல்லை, புதுசாகப் பளபளத்தது. நாதிர் நிமிர்ந்து பார்த்தான். கதவுக்கு மேலே 'ஷஹாவி குடும்பத்து அடக்கவிடம்' என்று தாத்தா பதித்த சலவைக்கல்லைக் காணோம். அங்கே வேறு யாரோ குடும்பத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது.

"சித்தப்பா, தெரு மாறி வந்துட்டோமா?"

"எங்கப்பனைப் பொதைச்ச எடம் எனக்குத் தெரியாதாடா?"

அடக்கவிடங்களைக் காவல் காக்கும் ஆஷூர் செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்தார். "இங்க என்னத்துக்கு நிக்கிறீங்க? அந்தக் கோடியில தர்ம நிலவறையைத் திறந்து வெச்சிட்டு நான் பாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்!"

"தர்ம நிலவறையா? நாதியத்த பொணமாய்யா இது?"

சொந்த இடம் இல்லாதவர்களைச் சேர்த்துக் கிடத்தும் பொது நிலவறை அது. ஆஷூர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "உங்கண்ணன் சொல்லவே இல்லியா? இதை வித்துட்டாரே. முந்தின வருஷம், குளிர்காலத்துல."

"வித்துட்டாரா? உள்ள எங்கப்பா இருந்தாரே! எங்கம்மா?"

"எலும்பையெல்லாம் புதுத் துணியில சுத்தி அவரே சுமந்துட்டுப் போய் அங்க வெச்சாரு. நான் கை கொடுக்கறேன்னேன், விடல."

நாதிரின் தோளிலிருந்து கட்டை நழுவியது. பின்னால் நின்றவர் பாய்ந்து தாங்கிப் பிடித்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எகிப்துப் பவுண்டு மளமளவென்று சரிந்தது. ஜார்ஜியாவின் மருத்துவக் கல்லூரியோ முழுக் கட்டணத்தையும் டாலரில் கேட்டது. 'பணம் வரலேன்னா பேரை அடிச்சிடுவாங்கப்பா' என்று நாதிர் குரல்செய்தி அனுப்பினான். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற அப்பா எப்படியோ அனுப்பிவிட்டார். ஏதுப்பா பணம் என்று கேட்டபோது சிரித்தார். 'எடம் ஒண்ணு சும்மா கெடந்துது. யாரும் குடியிருக்கல. தள்ளிவிட்டேன்.' நமக்கு ஏது இடம் என்று அவன் கேட்கவில்லை. அன்று மாலை நண்பர்களோடு போய் வயிறு முட்டச் சாப்பிட்டான்.

சித்தப்பா அவனைத்தான் பார்த்தார். "டாக்டரே! உன் படிப்புக்குச் செத்தவங்களைக் கூடவா காலி பண்ண வெச்சே?"

நாதிர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பெண்கள் எல்லாரும் ஆஷூரையே பார்த்து நின்றார்கள். அம்மா மட்டும் கறுப்பு முக்காட்டின் நுனியைச் செருகிக்கொண்டிருந்தாள். இது அவளுக்கு முன்பே தெரிந்த சேதி போலிருந்தது.

"வெயில்ல அவரைக் காக்க வெக்காதீங்க" என்றாள்.

நிலவறைக்குள் நாதிர்தான் தலைமாட்டைப் பிடித்து இறங்கினான். யார் யாரோ கிடந்தார்கள். அப்பாவை மணலில் வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினான். உள்ளே கால் வைக்கமாட்டேன் என்ற சித்தப்பா, கடைசியில் தட்டுத்தடுமாறி இறங்கினார். மூலையில் இருந்த வெள்ளை மூட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அதை மெல்ல நகர்த்தி அண்ணன் பக்கத்தில் வைத்தார். "பாவி" என்றார். நாதிரைப் பார்க்காமலே மேலே ஏறிப் போனார்.

எல்லாம் முடிந்ததும் ஆஷூர் தன் அறையிலிருந்து பழைய சலவைக்கல்லை நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். அதன்மேல் தேநீர் கிளாஸ் வைத்த வட்டங்கள். சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தார், போகவில்லை.

"எறியாம வெச்சிருய்யான்னு சொல்லியிருந்தாரு. பையன் டாக்டரானதும் எடத்தை வாங்கிடுவான், திரும்பப் பதிக்கணும்னாரு. இனிமே நான் வெச்சிருந்து என்ன?"

திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் நாதிர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கல்லை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். சித்தப்பா முந்தின வண்டியிலேயே போய்விட்டார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். பை மாட்டிய பையன்கள் எல்லாருமே கெய்ரோவின் ஓட்டுநர்களுக்கு டாக்டர்கள்தான்.

"என்ன டாக்டரே, கிளினிக்குக்குப் போர்டா?"

அம்மா முந்திக்கொண்டாள்.

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குப்பா."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. கல் நழுவப் பார்த்தது. அம்மாவும் ஒரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.